பிரேக் போட்டால் முழிக்கிற சாமி

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் என்னைவிட அதிகமாக வண்டி ஓட்டியவன் இந்த ஜில்லாவில் இருந்தால் என் எதிரில் வந்து சொல்லட்டும். உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எந்த வளைவில் எந்தப் புளியமரம் இருந்தது என்று கேட்பேன். பதில் சொல்ல முடியாமல் டீயைக் குடித்துவிட்டுப் போவான்.

பண்ருட்டியில் பலாப்பழ லாரிக்குக் கிளீனராக ஏறியவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். கிளீனர், அப்புறம் டிரைவர், அப்புறம் ஒற்றை லாரிக்கு ஓனர், கடைசியில் முதுநகரில் சொந்த ஷெட். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது லாரியைப் பற்றி இல்லை, ஒரு காரைப் பற்றி. காரைப் பற்றிக்கூட இல்லை, அதில் இருக்கிற ஒரு குச்சியைப் பற்றி.

தலை நரைத்த பிறகு எனக்கென்று ஒரு வண்டி வாங்கினேன். பாண்டிச்சேரியில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சொந்த ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய ஜெர்மன் காரை விற்றார். பால்கோவா நிறம். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடுகிற மாதிரி ஒரு சத்தம். இந்தக் கிழட்டு வண்டி எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே வண்டியின் வயிற்றுவலியைச் சொல்கிறவன் நான், எனக்குத் தெரியாதா.

அதன் ஸ்டியரிங் பக்கத்தில்தான் அந்தக் குச்சி. வண்டி வேகம் பிடித்ததும் அதை மேலே தள்ளிவிட்டால் காலை எடுத்துவிடலாம். அதே வேகத்தில் வண்டி தானாகப் போகும். ஏற்றத்தில் குறையாது, இறக்கத்தில் கூடாது. பிரேக்கில் கால் பட்டால் விட்டுவிடும். குரூஸ் கண்ட்ரோல் என்று பெயர். இன்றைக்குப் புது வண்டிகளில் சாதாரணமாக வருகிறது. அன்றைக்குக் கடலூரில் அதை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்று அடித்துச் சொல்வேன்.

வைத்திருந்து என்ன? சாலை வேண்டுமே. ஆலப்பாக்கம் தாண்டினால் ஆடு, புதுச்சத்திரத்தில் நின்று நின்று போகிற பஸ், அதற்கப்புறம் பாதி ரோட்டில் காயப்போட்ட நெல். காலை எடுக்கிற சாலையா அது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவிக்கு அதில் ஒரு சந்தோஷம்.

“என்னாங்க, தானா போவும்னு சொன்னீங்களே, எப்பப் போவும்?”

“நல்ல ரோடு போட்டா போவும்.”

“நல்ல ரோடு போட்டா மாட்டுவண்டியுந்தான் போவும்.”

அவள் கீரப்பாளையத்துக்காரி. பேசும்போது கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்து வைப்பாள். வயலில் ஒரு வரப்பில் நின்று அடுத்த வரப்புக்குக் கேட்கப் பேசிப் பழகியவர்களின் இழுப்பு அது. எத்தனை காலம் கடலூரில் குடித்தனம் பண்ணியும் அது போகவில்லை.

காருக்கென்று அவள் வாங்கிப் போட்டது ஒரே ஒரு சாமான். சிதம்பரத்தில் சன்னதித் தெருக் கடையில் ஒரு சின்ன நடராஜர். சாமியைச் சுற்றி வட்டமாகக் கண்ணாடி, அதற்குள் ஒரு குட்டி பல்பு. ஸ்டியரிங்குக்கு எதிரே, கண்ணாடியோரம் ஒட்டச் சொன்னாள். லாரிக்காரர்களுக்கு இதில் ஒரு வழக்கம் உண்டு. சாமி விளக்கின் ஒயரைப் பிரேக் லைட்டு ஒயரோடு சேர்த்துவிடுவோம். பிரேக் போடும்போதெல்லாம் பின்னால் வருகிறவனுக்குச் சிவப்பு விளக்கு, முன்னால் உட்கார்ந்தவனுக்குச் சாமி விளக்கு. என் லாரிகளில் அப்படித்தான், காரிலும் அப்படியே என் கையாலேயே கட்டினேன்.

அப்புறம் நாலு வழிச் சாலை வந்தது. தோண்டிப்போட்டு, புழுதி கிளப்பி, நம் பொறுமையை எல்லாம் சோதித்துவிட்டுத்தான் வந்தது. திறந்த புதிதில் ஒரு காலை நேரம் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தொழிற்பேட்டைக் கெமிக்கல் வாசனை தாண்டும்வரை கண்ணாடியை ஏற்றி வைத்திருந்து, சவுக்குத் தோப்பு வந்ததும் இறக்கினோம். ரோடு நேராக, காலியாகக் கிடந்தது. வேகம் பிடித்தேன். குச்சியைத் தள்ளினேன். காலை எடுத்தேன்.

வண்டி போனது. யாரோ அடியில் கையை வைத்துத் தாங்கிக்கொண்டு போகிற மாதிரிப் போனது.

அவள் என் காலைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சாமியைப் பார்த்தாள்.

“என்னாங்க, சாமி எரியவே இல்ல. தூங்கிடுச்சி போல.”

“பிரேக் போட்டாத்தான எரியும். நான்தான் காலையே வெக்கலயே.”

“எங்க ஊர்ல சாமியத் தூங்க வெக்கணும்னா பல்லக்குல தூக்கிட்டுப் போவணும், பாட்டுப் பாடணும். நீங்க ஒரு குச்சியத் தட்டித் தூங்க வெச்சிட்டீங்க.”

அன்றிலிருந்து எங்கள் வண்டியில் குரூஸ் கண்ட்ரோல் என்ற பேச்சே இல்லை. சாலை காலியானால், “தூங்க வைங்க” என்பாள். குறுக்கே மாடு வந்து நான் பிரேக்கை மிதித்தால் வட்டம் பளிச்சென்று எரியும், “முழிச்சிடுச்சி” என்பாள். டோல்கேட் வந்தால் அவளே முந்திக்கொண்டு சொல்வாள். மாதம் ஒரு தடவை சிதம்பரம் போய் வருவோம். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டோம். எனக்கு அந்தச் சாலையே போதுமாக இருந்தது.

வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டியவன் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசியிருக்க மாட்டான். பக்கத்தில் இருப்பவர் பேசுவார், நாம் ரோட்டுக்குப் பதில் சொல்வோம். சாமி தூங்குகிற நேரத்தில்தான் என்னால் அவள் பக்கம் கொஞ்சம் திரும்ப முடிந்தது. புடவைத் தலைப்பை மடியில் பை மாதிரிக் குழித்துக்கொண்டு வேகவைத்த கடலையை உரிப்பாள். தோல் மடியில் விழும், பருப்பு என் உள்ளங்கைக்கு வரும். என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை. கடலை ஓட்டை அவள் கட்டைவிரலால் நெரிக்கிற சத்தம் ஞாபகம் இருக்கிறது. கையில் வந்த பருப்பின் ஈரம் ஞாபகம் இருக்கிறது.

போன வருஷம் ஐப்பசி மழையில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் அவள் தம்பி, என் மச்சான், என் ஷெட்டுக்கு வந்தான். சிதம்பரத்தில் மைக் செட், சீரியல் லைட்டுக் கடை வைத்திருப்பவன். கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அவன் கட்டின விளக்குதான் எரியும். ஆள் பெரிய உடம்பு, சின்னக் குரல். காருக்குள் உட்கார்ந்து அந்தச் சாமியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, அக்கா வாங்குன சாமி. எரியறது அணையறது, எரியறது அணையறது, எனக்கு என்னமோ மாதிரி இருக்குது. அணையாம பண்ணிடட்டுமா?”

நான் சரி என்றேன். அன்றைக்கு எதற்குக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அவன் பழைய பல்பைக் கழற்றிவிட்டுப் புது எல்.இ.டி. வைத்தான். சாவி போட்டதும் வருகிற கரண்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, கரண்டைக் குறைக்க நடுவில் ஒரு ரெசிஸ்டரை வைத்து, ஏற்கெனவே இருந்த பிரேக் ஒயரோடு சேர்த்து முறுக்கினான். சாவி போட்டால் மெலிசாக எரிந்துகொண்டே இருக்கும், பிரேக் போட்டால் பளிச்சென்று கூடும். பின்னால் இருந்த பிரேக் பல்புகளையும் எடுத்துவிட்டு அதே ரகத்தில் மாற்றினான், வெளிச்சம் ஜாஸ்தி என்றான். ஒயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டே அழுதான். நான் தடுக்கவில்லை.

அதற்கப்புறம் சிதம்பரம் சாலைக்கு நான் போகவில்லை. பஜாருக்கும் ஷெட்டுக்கும் போய்வந்ததோடு சரி.

வருஷத் தெவசம் நெருங்கியது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் திதி கொடுத்துவிட்டு, அங்கிருந்து நேராகச் சிதம்பரம் போவது என்று மனசில் வைத்துக்கொண்டேன். மாதா மாதம் போன மாதிரி. அதே வேகம், அதே குச்சி, காலை எடுத்துவிட்டு. யாரிடமும் சொல்லவில்லை. சரி, முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று ஆலப்பாக்கம் வரை போனேன். வேகம் பிடித்துக் குச்சியைத் தள்ளினேன். காலை எடுத்தேன். வண்டி தளர்ந்தது. மறுபடி தள்ளினேன். மறுபடி தளர்ந்தது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் தாண்டிப் போகும்போது கையை நீட்டி என்னமோ கேட்டுவிட்டுப் போனான். ஓரம் கட்டி நிறுத்திவிட்டு அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை என் லாரி தீப்பிடித்து எரிந்துபோனது, அன்றைக்குக்கூட நான் அப்படி உட்காரவில்லை.

முதுநகரில் ஒரு எலக்ட்ரீஷியன் பாய் இருக்கிறார். என் லாரிகளுக்கு ஒயரிங் பார்த்தே கிழவரானவர். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது.

“கால் நல்லாத்தான இருக்குது மொதலாளி? மிதிச்சி ஓட்டுங்க. இதுக்குப் போயி ஏன் மல்லுக்கட்டுறீங்க?”

“காலை எடுக்கத்தான் பாய் இந்த வண்டியே வாங்கினேன்.”

“எனக்கு வாங்கிக் குடுத்திருந்தா நான் தலையவே எடுத்துட்டு ஓட்டிருப்பேன்.”

இப்படிப் பேசிக்கொண்டேதான் வேலையில் இறங்கினார். நானும் சும்மா நிற்கவில்லை. வண்டியில் கோளாறு பார்ப்பதற்கு என்னிடம் ஒரு முறை உண்டு. இது கெட்டிருக்குமோ அது கெட்டிருக்குமோ என்று யோசிக்காதே, எது நன்றாக இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றாக விடுதலை பண்ணு, கடைசியில் மிஞ்சுகிறவன் திருடன். ஃபியூஸைப் பார்த்தோம், விடுதலை. ஸ்பீடு முள் ஒழுங்காக ஏறி இறங்கியது, விடுதலை. என்ஜின் பக்கம் ஆக்ஸிலேட்டரை இழுக்கிற சின்ன மோட்டாருக்குத் தனியாகக் கரண்ட் கொடுத்தோம், சமர்த்தாக இழுத்தது. மிஞ்சியது, குச்சி சொல்வதைக் கேட்டு அந்த மோட்டாரை ஆட்டுகிற மூளைப் பெட்டி. கால்மாட்டில், அட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சென்னையில் பழைய கார் பார்க்கிற ஒரு இடத்துக்குப் போன் போட்டேன். அந்தப் பெட்டி இப்போது யாரும் செய்வதில்லை, கிடைக்காது என்றார்கள். பாய் பெட்டியைத் திறந்து, விரிசல் விட்ட ஈய ஒட்டுகளையெல்லாம் மறுபடி பற்றவைத்தார். பூட்டி ஓட்டிப் பார்த்தோம். பிடிக்கவில்லை.

“மொதலாளி, பெட்டி மேல எனக்குச் சந்தேகம் இல்ல. அது ஓடத்தான் பாக்குது. யாரோ அதுகிட்ட வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டே இருக்குறாங்க.”

கண்டுபிடித்தது நான்தான். இதில் யாருக்கும் பங்கு கிடையாது. அன்றைக்கு மழை இருட்டு, மாலையிலேயே ஷெட்டில் விளக்குப் போட வேண்டியிருந்தது. வண்டியின் பின்புறம் ஷெட்டின் வெள்ளைச் சுவரை ஒட்டி நின்றது. பாய் கதவைத் திறந்து வைத்து, சீட்டில் குறுக்காக உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். சாவி போட்டிருந்தது, வண்டி விளக்கு எதுவும் போடவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். வெள்ளைச் சுவரில் இலேசாக ஒரு சிவப்பு. வெற்றிலை போட்டவன் துடைத்த துண்டு மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத சிவப்பு.

“பாய், உங்க காலு பிரேக்குலயா இருக்குது?”

“ரெண்டு காலும் வெளில தொங்குது மொதலாளி.”

“அப்ப எவன் பிரேக் போடறான்?”

பாய் பீடியைப் போட்டுவிட்டு கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்ட் லேம்ப்பை எடுத்துக்கொண்டு பிரேக் சுவிட்சுக்குக் குனிந்தார். யாரும் மிதிக்காத பிரேக்கின் ஒயரில் மெலிசாகக் கரண்ட் வந்துகொண்டிருந்தது. ஒயரைத் தடவிக்கொண்டே மேலே வந்தார். கண்ணாடியோரம் வந்து அவர் கை நின்றது. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். நடராஜர் வட்டத்துக்குள் அழகாக எரிந்துகொண்டிருந்தார்.

பாய் சொன்ன கணக்கு எளிதானது. அந்த மூளைப் பெட்டிக்குத் தெரிந்தது ஒன்றுதான், பிரேக் ஒயரில் கரண்ட் வந்தால் ஓட்டுபவன் பிரேக்கில் கால் வைத்திருக்கிறான் என்று அர்த்தம். மச்சான் சேர்த்து முறுக்கிய ஒயர் வழியாகச் சாமி விளக்கின் கரண்ட் பிரேக் ஒயருக்குள் இறங்குகிறது. பின்னால் பழைய பல்பு இருந்திருந்தால் அந்தத் துளிக் கரண்டைக் குடித்திருக்கும், புது ரகம் குடிக்கவில்லை. வண்டி ஒரு வருஷமாகத் தன்னை யாரோ நிறுத்துகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது.

மச்சானுக்குப் போன் போட்டேன், மறுநாள் வந்துவிட்டான். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கியது.

“அதுக்குன்னு அக்கா வெளக்க அணைக்கணுமா மாமா?”

“அணைக்க வேணாம் தம்பி,” என்றார் பாய். “சாமிக்குத் தனி ஒயரு குடுத்துடறேன். பிரேக்கோட சங்காத்தமே இல்லாம அது பாட்டுக்கு எரியட்டும். பின்னாடி பழைய பல்பையே போட்டுடுவோம். குச்சியும் பிடிக்கும்.”

“அதான் மாமா. அப்படியே பண்ணிடுங்க. ரெண்டும் ஆச்சு.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். யாராக இருந்தாலும் சரி என்று சொல்லியிருக்க வேண்டிய இடம். நான் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரிந்துகொண்டே இருக்கிற சாமியை யார் பார்த்துத் தூங்கிடுச்சி என்று சொல்வார்கள்? எந்நேரமும் முழித்துக்கொண்டிருக்கிற சாமி முழித்ததாக யார் சொல்வார்கள்? குச்சி பிடிக்கும். வண்டி போகும். நான் திரும்பிப் பெற நினைத்தது மட்டும் அதில் இருக்காது.

“வேணாம். பழையபடி கட்டுங்க,” என்றேன்.

“பழையபடின்னா?”

“பிரேக் போட்டாத்தான் எரியணும். இல்லன்னா அணைஞ்சி கெடக்கணும்.”

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தச் சின்னக் குரல் இன்னும் சின்னதானது. “நான் கட்டுனது உங்களுக்கு ஆவல. ஊரெல்லாம் வெளக்குப் போடறேன், எங்க அக்காவுக்கு ஒண்ணு போட்டேன். அத அணைச்சி வெக்கச் சொல்றீங்க.”

எனக்கு விளக்கிச் சொல்லிப் பழக்கம் இல்லை. ஷெட்டில் நான் சொன்னால் நடக்கும், ஏன் என்று கேட்கிற ஆள் வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். இருந்தும் சொன்னேன்.

“மச்சான், உங்கக்கா இத எரியறதுக்காக வெக்கல. அணைஞ்சி கெடக்கும்போதுதான் அக்கா பேசும்.”

“என்னா பேசும்?”

சொன்னேன். தூங்கிடுச்சி, முழிச்சிடுச்சி, தூங்க வைங்க. பல்லக்கு, பாட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பாய் டெஸ்ட் லேம்ப்பின் ஒயரைச் சுற்றிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார். மச்சான் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான்.

“எங்கிட்ட இதச் சொன்னதே இல்ல மாமா.”

“கார்ல மட்டுந்தான் சொல்லும்.”

அப்புறம் அவன் பாயிடம் கையை நீட்டினான். “கட்டரக் குடுங்க பாய்.” தான் முறுக்கிய ஒயரைத் தானே வெட்டினான். வட்டம் அணைந்தது. சாமிக்கு ஒன்று, பின்னால் இரண்டு என்று என் பழைய பல்புகள் மூன்றையும் அவன் கழற்றிப்போட்ட அன்றே டப்பாவில் போட்டு வைத்திருந்தேன், அவற்றையே பாய் மாட்டினார். எதையும் தூக்கிப் போடாதவன் நான், அதனால்தான் இந்த நிலைமைக்கு வந்தேன்.

தெவசத்தன்று மழை விட்டிருந்தது. கடற்கரையில் காரியத்தை முடித்து, ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பினோம். மச்சானும் கூட வந்தான். கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “நீங்க அங்கதான போறீங்க, நான் ஏன் பஸ்ல போவணும்?” என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவன் உட்கார்ந்ததும் வண்டி அந்தப் பக்கம் ஒரு விரல் தாழ்ந்தது. அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்ததே தெரியாது.

தொழிற்பேட்டை தாண்டியதும் கண்ணாடியை இறக்கினேன். இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது. சாலை காலியானதும் வேகம் பிடித்தேன். மச்சான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். குச்சியைத் தள்ளினேன். காலை எடுத்தேன்.

பிடித்தது.

“ஆங்,” என்றான் மச்சான். அணைந்திருந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். விடிகாலையில் எழுந்த அலுப்பு, புதுச்சத்திரம் வருவதற்குள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

கால் சும்மா இருந்தது. சாலை நேராக இருந்தது. திரும்பிப் பார்ப்பதற்கு எல்லா வசதியும் இருந்தது. இடது உள்ளங்கை தானாகவே விரிந்து, கியர் பக்கத்தில் மலர்ந்து கிடந்ததை வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தேன். அதை மூடவில்லை. அப்படியே ஓட்டினேன். என்ஜின் ஒரே சுதியில் பாடிக்கொண்டு போனது. இந்த வண்டி இப்படி ஓடுவதைக் கேட்க ஆள் இல்லை என்பதுதான் குறை, வண்டியின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

டோல்கேட் தூரத்தில் தெரிந்தது. பிரேக் போட வேண்டும். போடவில்லை. குச்சியை மட்டும் கீழே தட்டி விடுவித்தேன். பிரேக் படாமல் வண்டி தானாகத் தளரட்டும், சாமி இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும். வண்டி தளர்ந்து, தளர்ந்து, நடக்கிற வேகத்துக்கு வந்தது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அடித்துக்கொள்ளட்டும். அவன் பிறப்பதற்கு முன்னால் இந்த ரோட்டில் ஹாரன் அடித்தவன் நான். தடுப்புக் கம்பி முன்கண்ணாடிக்கு நேரே வந்தபோது வேறு வழியில்லை. மிதித்தேன்.

வட்டம் பளிச்சென்று எரிந்தது. ஹாரனோ, அசைவோ, மச்சான் கண் விழித்தான். வெளியே பார்க்கவில்லை, எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்கவில்லை. சாமியைத்தான் பார்த்தான்.

“முழிச்சிடுச்சி போல.”

“ம்.”

கம்பி ஏறியது. டோல்கேட்டை விட்டு வெளியே வந்து வேகம் எடுத்தேன். முன்னால் வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் ஒரு வண்டி இல்லை. நான் குச்சியைத் தொடவில்லை, காலாலேயே மிதித்துக்கொண்டு போனேன். போதும் என்று இருந்தது. மச்சான் சாலையைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான், சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினான்.

“காலியாத்தான கெடக்குது மாமா,” என்றான். “தூங்க வைங்க.”

கடைசிச் சொல்லை இழுத்தான். அடுத்த வரப்புக்குக் கேட்கிற மாதிரி, அதே கீரப்பாளையத்து இழுப்பு. இத்தனை காலம் அவனோடு பழகியும் அவன் குரலில் அது இருப்பதை நான் கவனித்ததில்லை.

குச்சியைத் தள்ளினேன்.